பாலை மரத்தடித் தபால் கந்தோர்

அன்றைக்குக் கடை வாசலில் இருந்தவர்கள்: தபால் பகுதியிலிருந்து வந்த ஐயா, ஊர் அதிகாரி விதானையார், கடை முதலாளி சூசைப்பிள்ளை, என் அம்மா, பார்வதியக்கா, எங்கள் குடியிருப்புப் பெண்கள் ஒன்பது பேர், கூலிவேலை கிடைக்காத இரண்டு ஆண்கள், முதலாளியின் பூனை, தராசுக்குப் பின்னால் நான். ஆரையாவது விட்டுவிட்டால் கோபிப்பார்களோ என்று எனக்கு இப்போதும் பயம். அதுதான் பூனையையும் சேர்த்தேன்.

நேற்று நானாட்டானில் வங்கி மெஷினுக்கு முன்னால் பார்வதியக்காவைக் கூட்டிக்கொண்டு நின்றேன். முதியோர் காசு இப்போது வங்கிக்குத்தான் வருகிறது. தாள்களை மடியில் செருகிவிட்டு அக்கா இடமும் வலமும் பார்த்தார்.

"யாரத் தேடுறீங்க?"

"யாருமில்ல புள்ள. பழக்கம்."

எனக்கு அந்த இடத்திலேயே கருவாட்டு வாசம் அடித்தது.

அது சூசைப்பிள்ளை முதலாளி கடையின் வாசம். பேசாலைக் கருவாடு, மண்ணெண்ணெய், நனைந்த சாக்கு எல்லாம் கலந்தது. எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்ட எனக்கு அங்கேதான் வேலை. சாமான் நிறுப்பேன், கடன் கணக்கைக் கொப்பியில் எழுதுவேன். பிழை வந்துவிடுமோ என்று ஒவ்வொரு கணக்கையும் மூன்று தரம் கூட்டுவேன்.

மலையகத்திலிருந்து வந்து பாப்பாமோட்டைப் பக்கம் குடியேறிய எங்கள் வீடுகள் எல்லாம் அந்தக் கொப்பியில் இருந்தன. முதலாளி கெட்டவரல்ல. வேலையில்லாத மழை மாதங்களில் அரிசி தந்தவர் அவர்தான். ஆனால் காசு வரும் நாளில் வாசலில் நின்று ஒரு சொல் கேட்பார்.

"வந்ததோ?"

அவ்வளவுதான். கை தானாக மடிக்குப் போய்விடும்.

தபால் கந்தோர் அப்போது பஸ்ஸில் போகவேண்டிய தூரம். போனால் ஒருநாள் கூலி போச்சு. திரும்பி வந்து இறங்குவதும் கடை வாசலில்தான். எங்களுக்கும் ஒன்று தரப்போகிறார்கள், எங்கே வேண்டும் என்று நாங்களே சொல்லலாம் என்றார் அன்றைக்கு வந்த ஐயா. அதுவரைக்கும் எங்களிடம் ஒருவரும் எதையும் கேட்டதில்லை.

முதலாளி எழும்பினார். "கடையோட இருக்கிற அறையைத் தாறன் ஐயா. வாடகை வேண்டாம். கரண்ட் இருக்கு, ஃபான் இருக்கு."

விதானையார் கை தட்டினார். அவர் மட்டும்தான் தட்டினார்.

"அந்தப் பாலை மரத்தடியில வச்சா நல்லதுங்க" என்றார் அம்மா.

பாலை மரம் குடியிருப்பின் மறுகோடியில், குளக்கட்டுப் பக்கம் நின்றது. மரத்தைத் தவிர அங்கே ஒன்றுமில்லை.

"அங்க என்னம்மா இருக்கு?" என்றார் ஐயா.

"காத்து வருமுங்க."

"அப்ப என்ர ஃபானில வாறது என்ன, புகையோ?" என்றார் முதலாளி.

சிரிப்பு அடங்கமுன் பார்வதியக்கா, "ஃபான் காத்து எனக்குச் சேராதுங்க, மூட்டு வலி" என்றார். இன்னொருத்தி கடைப்பக்கம் நாய்த்தொல்லை என்றாள்.

எனக்குக் காரணம் தெரியும். முன்பு தேயிலைத் தோட்டத்தில் அம்மாவின் சம்பளம் கைக்கு வரமுன்னே கடைக்கணக்குக் கழிந்துவிடும். இங்கே, கொழும்பிலிருந்து அண்ணன் அனுப்பும் மணியோடர் காசு கடை வாசலைத் தாண்டியதில்லை. ஒரு தடவையாவது முழுக்காசையும் வீட்டுக்குக் கொண்டுவந்து பாயில் பரப்பி, இது அரிசிக்கு, இது கடனுக்கு என்று தன் கையால் பிரிக்க அம்மாவுக்கு ஆசை. கடைக்குள்ளேயே கந்தோர் வந்தால் அது நடக்காது. வாய்விட்டுச் சொன்னாலோ, நாளைக்கு அரிசி கிடைக்குமா? எனக்கு வேலை இருக்குமா? தராசில் இருந்த படிக்கல்லை எடுத்து மறுபடி வைத்தேன்.

ஐயா என் பக்கம் திரும்பினார். "பிள்ளை, நீங்கள் கடையில நிக்கிறனீங்கள். சொல்லுங்கோ."

"அறை... இருட்டு" என்றேன். அந்த நேரம் அறைக்குள் வெயில் கொட்டிக்கொண்டிருந்தது.

முதலாளி என்னைப் பார்த்தார். பிறகு அம்மாவைப் பார்த்தார். மடியில் ஒரு சதமும் இல்லாத நாளிலும் அம்மாவின் கை அதைப் பொத்திக்கொண்டிருந்தது. அவர் மீசையைத் தடவினார்.

"ஐயா, நான் மறந்துபோனன். அந்த அறையில எலி. கடிதமெல்லாம் கடிச்சுப்போடும். மரத்தடியிலயே வையுங்கோ."

விதானையார் கொழுத்துப் படுத்திருந்த பூனையைக் காட்டினார். "அப்ப இது என்னத்துக்கு?"

"அது ஞானஸ்நானம் எடுத்த பூனை. கொலை செய்யாது."

மரத்தடிக் கந்தோரில் எடுத்த முதல் மணியோடர் காசை அம்மா பாயில் பரப்பினார். எங்களைத் தொடவிடவில்லை. வெயில் தாழ முகம் கழுவி, கடனுக்குப் பிரித்ததை எடுத்துக்கொண்டு தானாகவே கடைக்குப் போனார். முதலாளி, "வாங்கோ அம்மா, இண்டைக்கு என்ன வேணும்?" என்றார். "வந்ததோ?" அதற்குப் பிறகு ஒருநாளும் இல்லை.

அம்மா மட்டும் கணக்கை முழுதாக முடிக்கவேயில்லை. ஏனென்று கேட்டால், "எல்லாத்தையும் குடுத்துட்டா அப்புறம் எதச் சொல்லிக்கிட்டு அங்க போயி ஒக்கார்றது?" என்பார்.

றோட்டை அகலமாக்கியபோது பாலை மரம் போனது. கந்தோர்க் கதவில் இப்போது பூட்டு. திறக்கும்போது வந்து கேட்டார்கள், மூடும்போது ஒருவரும் வந்து கேட்கவில்லை. கடை இருந்த இடத்தில் போன் திருத்துகிறார்கள். முதலாளியும் இல்லை, அம்மாவும் இல்லை. கொப்பியும் எங்கே போனதோ தெரியாது. ஆனால் மூன்று தரம் கூட்டினவள் நான், கடைசிக் கணக்கு மறக்குமா? அம்மா பெயரில் இன்னும் கொடுக்கவேண்டியது நூற்று நாற்பது ரூபாய்.