சென்சாருக்கு வைத்த பொட்டு

தண்ணீரில் ஒளியைப் பாய்ச்சி, அது எவ்வளவு மங்குகிறது என்று பார்த்துக் கழிவை அளக்கும் சென்சார் மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தில் எங்கள் ஆய்வகத்துக்கு வந்தபோது, அதற்கு விதிமுறை எழுதியவன் நான். முதல் விதி: ஒளி போகும் கண்ணாடியைத் துடைத்து, நல்ல தண்ணீரில் சோதித்துவிட்டுத்தான் அளக்க வேண்டும்.

ஆயுத பூஜை விடுமுறை முடிந்ததும் மேலூர்ப் பக்கம் ஒரு சாயப்பட்டறைக்குப் போனேன். வாய்க்காலில் விடும் நீரில் சென்சாரை முக்கினேன். அளவு எகிறியது. பட்டறையை மூடச் சொல்லி அங்கேயே நோட்டீஸ் எழுத ஆரம்பித்தேன்.

“தீபாவளி வேல அம்புட்டும் கெடக்கு சார். வடிகட்டித்தான் விடுறேன்” என்றார் பட்டறைக்காரர்.

“மெஷின் பொய் சொல்லாதுய்யா.”

“அப்ப நீங்க குடிக்கிற தண்ணியில ஒருக்கா முக்குங்க.”

எரிச்சலோடு என் பாட்டில் தண்ணீரை டம்ளரில் ஊற்றி முக்கினேன். அதையும் சாக்கடை என்றது மெஷின்.

திருப்பிப் பார்த்தேன். கண்ணாடியின் மேல் காய்ந்த சந்தனம், நடுவில் குங்குமம். பூஜையன்று பக்தியோடு வைத்தது என் விரல்தான்.

“கண்ணுக்குள்ளயே பொட்டு வச்சா அதுக்கு எப்படி சார் தெரியும்?” என்று தோள் துண்டை நீட்டினார்.

துடைத்ததும் இரண்டு தண்ணீருமே தேறின. நோட்டீஸைக் கிழித்தேன். மன்னிப்புக் கேட்க எந்தப் படிவத்திலும் இடமில்லாததால், கேட்காமலே வந்துவிட்டேன். அந்த உறுத்தல் மட்டும் ஓய்வு பெற்ற பிறகும் போகவில்லை.