மதினிக்குப் போட்ட கட்டில்

நானும் என் வீட்டுக்காரரும் பள்ளி ஆசிரியர்கள். அதனால் எங்கள் வீட்டில் வருடம் என்பதே பரீட்சையும் விடுமுறையும்தான். மே மாதம் ஒரு பயணம், கிறிஸ்துமஸ் முடிந்த கையோடு இன்னொன்று. ஊட்டி, மைசூர், குடகு, ஆலப்புழையில் படகு வீடு, ஒரு முறை கோவா வரைக்கும் போய் வந்தோம். எங்கே போவது, எந்த ரிசார்ட்டில் தங்குவது, எந்த அறையில் ஜன்னலைத் திறந்தால் மலை தெரியும் என்று தேடிப் பிடிப்பதெல்லாம் என் வேலை. அதில் எனக்குக் கொஞ்சம் பெருமையும் உண்டு. எங்கள் பள்ளியில் யாராவது குடும்பத்தோடு வெளியூர் கிளம்புவதாக இருந்தால் என்னிடம் கேட்டுவிட்டுத்தான் கிளம்புவார்கள்.

நாங்கள் போகும்போதெல்லாம் வீட்டில் தங்கிவிடுபவர் என் மதினி, என் கணவரின் அக்கா. கல்யாணம் செய்துகொள்ளவில்லை. இருபது வருடத்துக்கு மேல், ஜீப்பில் பதினைந்து பெண்களோடு நெருக்கியடித்து ஏறி, போடிமெட்டு வழியாகக் கேரளத்து ஏலத்தோட்டங்களுக்குக் காய் எடுக்கப் போனவர். தம்பி வாத்தியாரானது அக்காவின் உழைப்பில் என்பது ஊரில் எல்லோருக்கும் தெரியும். முட்டி தேய்ந்து வேலையை விட்டபிறகு, கோம்பைக்குப் பக்கத்தில் இருக்கும் எங்கள் வீட்டில் இரண்டு பசுமாடுகளையும் எங்கள் இரண்டு பிள்ளைகளையும் பார்த்துக்கொண்டு இருந்தார். நான் பள்ளியிலிருந்து வந்து கைப்பையை வைப்பதற்குள் காப்பி வந்துவிடும்.

ஒரே ஒரு முறை அவரை எங்களோடு கூட்டிப் போனோம். கொடைக்கானலுக்கு. பிள்ளைகள் அப்போது சிறியவர்கள். ரிசார்ட்டில் சாப்பாடு இருக்கிறது என்று நான் சொல்லச் சொல்ல, மதினி இரண்டு தூக்குவாளி நிறையப் புளிச்சோறு கட்டி வந்தார். மறுநாள் காலையில் பிள்ளைகளின் துணியைக் குளியலறையில் துவைத்து, பால்கனிக் கம்பியில் வரிசையாகக் காயப்போட்டார். என் உள்பாவாடையும் அதில் இருந்தது. கீழே தோட்டத்தில் நாற்காலி போட்டு ஆட்கள் உட்கார்ந்திருந்தார்கள். மேலாளர் வந்து கதவைத் தட்டி, "மேடம், துணியைக் கொஞ்சம் எடுத்துடுறீங்களா" என்றார். மதினி அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. கூட்டிப் பெருக்க வந்த பெண்களோடு படியில் உட்கார்ந்து, எந்த ஊர், எத்தனை பிள்ளை என்று சத்தமாகப் பேசிக்கொண்டிருந்தார். எனக்குத்தான் கூச்சமாக இருந்தது. இரண்டு நாளும் அந்த வரவேற்பறையைத் தாண்டும்போது தலையைக் குனிந்துகொண்டேதான் நடந்தேன்.

அதற்குப் பிறகு நான் அவரைக் கூப்பிடவில்லை. வெளிப்படையாக வேண்டாம் என்று சொன்னதும் இல்லை. மாடு கன்று போடும் மாதம், எங்கள் திராட்சைத் தோட்டத்துக்கு மருந்தடிக்க ஆள் வரும் வாரம் என்று பார்த்துத் தேதி வைப்பேன். "நீங்க போய்ட்டு வாங்க ஆத்தா, வீட்டப் பாக்க ஆளு வேணும்ல" என்று அவரே சொல்லிவிடுவார். அப்படிச் சொல்ல வைத்தது நான்தான் என்பது எனக்குத் தெரியும்.

இரண்டு வருடங்களுக்கு முன், மே விடுமுறைக்கு மூணாறுக்கு மேலே ஒரு ரிசார்ட்டில் மூன்று நாள் தங்க ஏற்பாடு செய்தேன். எட்டாம் வகுப்பு முடித்திருந்த என் மகள் என்னிடம் கேட்காமலே, "அத்தை, இந்தத் தடவ நீங்களும் வர்றீக. மாட்டுக்குப் பக்கத்து வீட்டு அக்காகிட்டச் சொல்லிட்டேன்" என்று சொல்லிவிட்டாள்.

மதினி உடனே மறுப்பார் என்று எதிர்பார்த்தேன். அவர் கையைத் துடைத்துக்கொண்டு வந்து நாற்காலியில் உட்கார்ந்தார்.

"அந்த மலைக்கு நான் போகாத நாளில்ல. ஆனா குனிஞ்ச தலை நிமிந்து பாத்ததே இல்ல. காயத்தான் பாத்துக்கிட்டு இருந்தேன். வேலைக்குன்னு இல்லாம ஒரு தடவ போயி சும்மா உக்காந்து பாக்கணும்னு எனக்கும் ஆசதேன்" என்றார்.

அந்த வாரமே உத்தமபாளையத்துக்குப் போய் ஒரு ஸ்வெட்டர் வாங்கி வந்தார். கத்தரிப்பூ நிறம், முன்பக்கம் பொத்தான் வைத்தது. அத்தனை வருடமும் மலைக்குளிருக்குத் தம்பியின் பழைய சட்டையைச் சேலைக்கு மேல் போட்டுக்கொண்டு போனவர். அதை என்னிடம் போட்டுக் காட்டி, "கிழவிக்கு நல்லாருக்கா?" என்று கேட்டார். நல்லாயிருக்கு என்றேன். உள்ளே எனக்குப் பால்கனிக் கம்பிதான் நினைவுக்கு வந்தது.

நான் என்ன நினைத்தேன் என்பதை மறைக்காமல் எழுதிவிடுகிறேன். வருடம் முழுவதும் பள்ளியில் நல்ல டீச்சர், வீட்டில் நல்ல மருமகள். மூன்று நாளாவது யாரும் பார்க்காத இடத்தில் சுடிதார் போட்டுக்கொண்டு, ஒன்பது மணிவரை தூங்கி, காலை ஜெபத்துக்கு எழுந்திருக்காமல் இருக்க வேண்டும் என்று நினைத்தேன். அந்த நினைப்பில் தப்பில்லை என்றுதான் இப்போதும் தோன்றுகிறது. அதற்கு நான் செய்ததுதான் தப்பு.

கிளம்ப நான்கு நாள் இருக்கும்போது, போனைப் பார்த்துக்கொண்டே சொன்னேன். "மதினி, அங்கன ஒரு ரூமுக்கு நாலு பேருக்கு மேல விட மாட்டாகளாம். இன்னொரு ரூம் கேட்டேன், சீசன்னால எல்லாம் போயிருச்சாம். எனக்கே ஒரு மாதிரியா இருக்கு."

நான் யாரிடமும் கேட்கவில்லை.

மதினி முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தார். "அதுக்கென்ன ஆத்தா. அவுக சட்டம் அப்படின்னா நாம என்ன செய்றது. நீங்க போய்ட்டு வாங்க" என்றார். என் கணவரிடமும் இதையே சொன்னேன். அவர் நம்பினார். மகள் மட்டும் ஒரு நாள் முழுக்க என்னோடு பேசவில்லை.

கிளம்பும் அன்று மதினி காருக்குப் பக்கத்தில் வந்து நின்று, மகனின் தொப்பியைச் சரிசெய்துவிட்டார். தேவாரம், போடி தாண்டி மெட்டு ஏறும்போது குளிர் காற்று வந்தது. பூப்பாறைக்கு மேல் தேயிலைத் தோட்டம் தொடங்கியதும் பிள்ளைகள் கூச்சல் போட்டார்கள். நானும் பழையதை மறந்து சந்தோஷமாகத்தான் இருந்தேன். மத்தியானம் ரிசார்ட்டுக்குப் போய்ச் சேர்ந்தோம். வரவேற்பறையில் இருந்த மனிதர் மலையாளம் கலந்த தமிழில் வரவேற்று, சாவியை எடுத்துக்கொண்டு அவரே கூட வந்தார். அறைக் கதவைத் திறந்துவிட்டு எங்களை ஒரு முறை எண்ணிப் பார்த்தார்.

"சேச்சி எங்க? பின்னால வராங்களா?"

"எந்தச் சேச்சி?" என்றார் என் கணவர்.

"வீட்டுலேர்ந்து ஒரு சேச்சி போன்ல விளிச்சாங்களே. நல்லா மலையாளம் பேசினாங்க. ஒரு ஆள் கூட வந்தா ரூம்ல விடுவீங்களான்னு கேட்டாங்க. அதுக்கென்னா, வரலாமேன்னு சொன்னேன். முட்டு வலி, தரையில படுத்தா எழுந்திருக்க முடியாது, கட்டில் உண்டான்னு கேட்டாங்க. அதான் போட்டு வெச்சிருக்கு."

ஜன்னல் ஓரமாக ஒற்றைக் கட்டில் ஒன்று போட்டிருந்தது. வெள்ளை விரிப்பு, மடித்து வைத்த கம்பளி, ஒரு தலையணை. அங்கே படுத்தால் எதிரே மலை முழுவதும் தெரியும். அந்த அறையிலேயே நல்ல இடம் அதுதான்.

மதினி என் வார்த்தையைச் சந்தேகப்பட்டுக் கூப்பிட்டிருக்க மாட்டார். எனக்கு மலையாளம் தெரியாது, தமக்குத் தெரியும், நாமே ஒரு வார்த்தை கெஞ்சிக் கேட்டுப் பார்ப்போம் என்று, நான் காலண்டரில் எழுதி வைத்திருந்த எண்ணுக்குக் கூப்பிட்டிருப்பார். வரலாமே என்று அந்த மனிதர் சொன்ன நொடியில் அவருக்கு எல்லாம் விளங்கியிருக்கும். அதற்குப் பிறகும்தான் மூன்று நாள் எனக்குக் காப்பி போட்டுக் கொடுத்தார்.

அந்த மனிதர் போனதும் என் கணவர் கேட்டார். "நீ கேட்டியா, கேக்கலையா?"

"கேட்டேன். வேற யாரோ எடுத்தாக. அவுக இல்லைன்னுதான் சொன்னாக."

முதல் பொய்யைவிட அது மோசம். அவர் பால்கனிக்குப் போய் அக்காவைப் போனில் கூப்பிட்டார். "இங்கன கட்டில் போட்டு வெச்சிருக்காக அக்கா. மூணு மணி நேரம்தான், நான் வந்து கூட்டிட்டு வர்றேன்" என்று பலமுறை சொன்னார். பிறகு போனை என்னிடம் நீட்டினார்.

"குளிருதா ஆத்தா?" என்றது மதினியின் குரல். "சின்னவனுக்குக் காதுல பஞ்சு வையி. தம்பி என்னமோ வர்றேங்கறான். செவலைக்கு மடி வீங்கியிருக்கு, நான் எப்படி வர? நீங்க இருந்துட்டு வாங்க."

காலையில் நான் பார்த்தபோது செவலைப் பசுவுக்கு ஒன்றும் இல்லை. நான் சொன்ன பொய்யை மூட அவரும் ஒரு பொய் சொல்ல வேண்டி வந்தது.

மகன் ஓடி வந்து அந்தக் கட்டிலில் ஏறப் போனான். மகள் அவன் கையைப் பிடித்து இழுத்தாள். "அது அத்தைக்குப் போட்டது. யாரும் ஏறக்கூடாது." மூன்று நாளும் யாரும் ஏறவில்லை. எங்கள் பைகளைக்கூட அதன்மேல் வைக்கவில்லை. அறையைச் சுத்தம் செய்ய வந்த பெண் தினமும் கலையாத விரிப்பைத் தட்டிச் சரிசெய்துவிட்டுப் போனாள். நான் ஒன்பது மணிவரை தூங்கவில்லை. ஒரு நாள்கூட ஆறு மணிக்கு மேல் படுத்திருக்க முடியவில்லை.

வீட்டுக்கு வந்தபோது மதினி குழம்பு வைத்துச் சோறு ஆக்கி வைத்திருந்தார். எப்படி இருந்தது என்று பிள்ளைகளிடம் கேட்டார். என்னிடமும் கேட்டார். அவர் முகத்தில் ஏதாவது தெரிகிறதா என்று பார்த்தேன். ஒன்றும் தெரியவில்லை. ஸ்வெட்டரை மகளுக்குக் கொடுத்துவிட்டார். "எனக்கு எதுக்கு, கீழ என்ன குளிரா அடிக்குது" என்றார். மகளுக்கு அது தோளில் தொளதொளவென்று இருந்தது. அவள் அதை மாட்டிக்கொண்டு நடக்கும்போதெல்லாம் நான் வேறு பக்கம் திரும்பிக்கொள்வேன்.

அப்படியே பத்து மாதம் போனது. சொல்லிவிட வேண்டும் என்று நினைப்பேன். சொன்னால், இருவரும் தெரியாதது போலக் காத்துவரும் ஒன்றை நானே உடைத்துவிடுவேனோ என்றும் பயப்படுவேன். தவக்காலத்தில் மாதா கோயிலில் பாவசங்கீர்த்தனத்துக்கு முழங்காலிட்டபோது, வேறு ஏதேதோ சொல்லி முடித்த பிறகு இதையும் சொன்னேன். சாமியார் இளவயதுக்காரர். "இத எங்கிட்டச் சொன்னீங்க சரி. அவங்ககிட்டச் சொன்னீங்களாம்மா?" என்று மட்டும் கேட்டார்.

அன்று சாயங்காலம் மதினி தொழுவத்தில் பருத்திக்கொட்டை ஊறவைத்துக்கொண்டிருந்தார். நான் போய் அங்கேயே நின்றேன்.

"மதினி, மூணாறு ரூமுக்கு நான் யாருட்டயும் கேக்கல. உங்களக் கூட்டிட்டுப் போகக் கூடாதுன்னுதான் அப்படிச் சொன்னேன்."

அவர் வாளியைக் கீழே வைத்தார். "தெரியும்" என்றார்.

"கொடைக்கானல்ல துணி காயப்போட்டீகள்ல, அது எனக்கு அசிங்கமா இருந்துச்சு. அதேன்." சொல்லும்போதே அழுகை வந்துவிட்டது. அந்த அழுகையும் எனக்குப் பிடிக்கவில்லை. அவரைச் சமாதானம் செய்ய வைப்பதற்காக அழுவது போல இருந்தது.

மதினி சமாதானம் செய்யவில்லை. முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு நிதானமாகப் பேசினார். "நீயும் உம்புருசனும் பிள்ளைகளும் தனியாப் போகணும்னு சொல்லியிருந்தா நான் என்ன கோவிச்சுக்கவா போறேன்? நானும் பொம்பளதான ஆத்தா, எனக்குத் தெரியாதா? அந்த ஆளுட்ட நான் எவ்வளவு கெஞ்சிக் கேட்டேன் தெரியுமா? அவரு சிரிக்கிறாரு. இதுக்கு எதுக்குச் சேச்சி இவ்வளவு கேக்கறீங்கன்னு. எனக்குப் போனை வைக்கக்கூடத் தெரியல. கட்டில் வேணாம்னு சொல்லவும் மறந்துட்டேன்."

மன்னிப்புக் கேட்டேன். "சரி சரி, போ, அடுப்புல பால் இருக்கு" என்றார். மன்னித்தாரா என்று எனக்குத் தெரியாது.

அந்த மே மாதத்துக்கு நான் வர்க்கலாவில் கடலோரமாக ஒரு இடம் பார்த்தேன். ஐந்து பேருக்கு என்று போன் செய்து, இரண்டு முறை உறுதிப்படுத்திக்கொண்டு, முதல் வேலையாக மதினியிடம் போய்ச் சொன்னேன்.

"நான் வரல ஆத்தா" என்றார்.

"இன்னும் கோவமா மதினி?"

"கோவமில்ல. உங்க கூட வந்தா நான் பாத்துப் பாத்துத்தான் நடக்கணும். துணிய எங்க போடுறது, சத்தமாப் பேசலாமான்னு. இவளுக கூடன்னா காலை நீட்டி உக்காந்துக்கிருவேன்."

இவளுக என்றது, அவரோடு ஜீப்பில் வேலைக்குப் போன பெண்களை. அவர்களே பேசி ஏற்பாடு செய்திருந்தார்கள். வேலையை விட்டவர்களும் இன்னும் போகிறவர்களுமாக ஒன்பது பேர், அதே ஜீப், அதே டிரைவர், அதே மூணாறு ரோடு. இந்த முறை காய் எடுக்கும் வேலை மட்டும் கிடையாது. என் மகளையும் கூட்டிப் போனார்கள். என்னைக் கூப்பிடவில்லை. கூப்பிடுவார்கள் என்று நான் எதிர்பார்த்திருக்கவும் கூடாது.

மகள் போனிலிருந்து படங்களை அனுப்பினாள். ஒரு மேட்டில், புல்லில், ஒன்பது பேரும் வரிசையாகக் காலை நீட்டி உட்கார்ந்திருந்தார்கள். நடுவில் சட்டியில் சோறு. மதினி வாயைத் திறந்து சிரித்துக்கொண்டிருந்தார். என் கல்யாணம் முடிந்து பதினாறு வருடமாக ஒரே வீட்டில் இருக்கிறோம், அந்தச் சிரிப்பை நான் பார்த்ததில்லை. படத்தைப் பெரிதாக்கி வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன்.

பொழுது சாயும் நேரத்தில் ஜீப் வந்து வாசலில் நின்றது. மதினி முட்டியைப் பிடித்துக்கொண்டு மெதுவாக இறங்கினார். நான் போய்ப் பையை வாங்கிக்கொண்டேன்.

"நல்லாருந்துச்சா மதினி?"

"நல்லாருந்துச்சு" என்றார். மேற்கொண்டு ஏதாவது சொல்வார் என்று பையோடு நின்றேன். அவர் ஜீப்பில் இருந்தவர்களுக்குக் கையைக் காட்டிவிட்டு, குளிக்கத் தண்ணீர் எடுத்து வைக்க உள்ளே போனார்.