புகை பட்ட உப்பு

விசாரணைக்கு வந்திருந்தவர்கள் ஆறு பேர். தோட்டத்தை நடத்தும் துரை, அவருடைய பெரிய கிளாக்கர், தொழிற்சங்கப் பிரதிநிதி, கம்பனி கொழும்பிலிருந்து வரவழைத்த இரசாயன நிபுணர், என் அக்கா, நான். வராதவர் அத்தான் ஒருவர்தான். விசாரணையே அவரைப் பற்றியது. அந்த நேரத்தில் அவர் நுவரெலியா ஆஸ்பத்திரியில் மூக்கில் குழாயோடு சாய்ந்து உட்கார்ந்திருந்தார். படுத்தால் மூச்சு வராது. மேசையின் நடுவில் ஒரு தீப்பெட்டி இருந்தது. அதற்குள் பஞ்சின்மேல், ஒரு ரூபாய்க் காசைவிடச் சின்னதாக, கண்ணாடி போன்ற உப்பு வில்லை ஒன்று. அத்தானின் பக்கம் பேச எங்களிடம் அதுவும், அதை இயந்திரத்தில் வைத்து எடுத்த ஒரு பதிவுக் கடதாசியும்தான் இருந்தன.

கந்தப்பளைப் பக்கத்துத் தோட்டமொன்றில் அத்தான் மருந்தடிப்பவர். பதினோரு வருடம் முதுகில் டாங்கியைச் சுமந்து, தேயிலைக்கு இடையில் முளைக்கும் புல்லுக்கு மருந்து அடித்தார். மருந்து ஸ்டோரிலிருந்து பேர் எழுதாத கேன்களில்தான் வரும். அவருடைய கைநகங்கள் கறுத்து ஒவ்வொன்றாகக் கழன்றன. “நகம் வெட்டுற வேலை மிச்சம்” என்று அக்காவிடம் விரலை ஆட்டிக் காட்டுவார். மூக்கில் இரத்தம் வரத் தொடங்கிய பிறகுதான் அவருக்கே சந்தேகம் வந்தது. கேனிலிருந்து கொஞ்சத்தை ஒரு பாணி மருந்துப் போத்தலில் ஊற்றி, லயத்து வீட்டுக் கூரைத் தகரத்துக்கும் மரத்துக்கும் இடையில் செருகி வைத்தார். நான் இரசாயனம் படித்து, நுவரெலியாவில் தேயிலை மாதிரிகளைச் சோதிக்கும் சிறிய ஆய்வுக்கூடமொன்றில் உதவியாளனாகச் சேர்ந்திருந்த நேரம் அது. எங்கள் வீட்டில் பள்ளிக்கூடத்தை முழுதாக முடித்த முதல் ஆள் நான். “மாப்ள, இது என்னா மருந்துன்னு ஒங்க மெஷின்ல போட்டுப் பாத்துச் சொல்லு” என்றார். பார்க்கலாம் என்றேன். புதிதாகச் சேர்ந்தவன், சொந்த வேலைக்கு இயந்திரத்தைக் கேட்க வெட்கப்பட்டேன். அந்தப் போத்தல் ஒரு வருடம் கூரையில் இருந்தது.

அந்த இயந்திரம் எப்படிப் பார்க்கிறது என்று ஒருமுறை கேட்டார். ஒரு பொருளுக்குள் அணுக்கள் சும்மா இருப்பதில்லை, வில்கம்பியில் கோத்ததுபோல் ஆடிக்கொண்டே இருக்கின்றன. கண்ணுக்குத் தெரியாத சிவப்புக்குக் கீழான ஒளியை உள்ளே விட்டால், ஒவ்வொரு பிணைப்பும் தன் ஆட்டத்துக்குப் பொருந்துகிற ஒளியை மட்டும் விழுங்கிவிடும். விழுங்கிய இடங்கள் கடதாசியில் பள்ளங்களாக விழும். அந்தப் பள்ளங்களை வைத்து உள்ளே எது எதோடு கட்டப்பட்டிருக்கிறது என்று சொல்லலாம் என்றேன். அதற்கு அத்தான் கேட்டார். “நம்ம மலையில பனி எறங்கிட்டா மூஞ்சி தெரியாது. ஆனா நடக்கிற ஆட்டத்தப் பாத்தே இது இன்னாருன்னு சொல்லிடுவோம்ல, அது மாதிரியா?” அதே மாதிரிதான் என்றேன். “அப்ப ஒன் மெஷினும் நம்ம தோட்டத்து ஆளுதான்” என்று சிரித்தார். சிரித்து முடிக்க இருமல் விடவில்லை.

நுரையீரல் சுருங்கிவிட்டது என்று டொக்டர் சொன்னார். மருந்தின் பேர் தெரிந்தால், அதனால் வந்த நோய்தான் என்று எழுதித் தருவேன் என்றும் சொன்னார். கம்பனி, அது பீடி குடித்த நெஞ்சு என்றது. தோட்டம் கொடுத்தது அனுமதி உள்ள மருந்துதான், அரசாங்கம் தடை செய்த மருந்தை வாங்கவே இல்லை என்று கிளாக்கர் ஸ்டோர்க் கணக்குப் புத்தகத்தைக் காட்டினார். தடை செய்ததுதான் என்று காட்ட முடிந்தால் அத்தானுக்கு நட்டஈடு உண்டு. அதைவிட, அதே கேனைச் சுமக்கும் மற்ற நாலு பேர் அந்த மருந்தைத் தொடுவது நிற்கும். திங்கட்கிழமை விசாரணை என்று கடிதம் வந்தபோதுதான் நான் கூரையில் கைவிட்டேன். போத்தலில் நீர் வற்றி, அடியில் பழுப்பு வளையம் மட்டும் இருந்தது. சுரண்டினால் ஒரே ஒரு வில்லைக்குக் காணும்.

மாதிரியைப் பொற்றாசியம் புரோமைட்டு என்ற உப்போடு அரைத்து, அழுத்தி வில்லையாக்க வேண்டும். அந்த உப்பு ஈரத்தைக் குடிக்கும். எங்கள் ஊரில் ஈரத்துக்குக் குறைவில்லை. ஆய்வுக்கூடத்து உலர்த்தும் அடுப்பு எரிந்துபோய்க் கிடந்தது. நான் உப்பை ஒரு கிண்ணத்தில் அக்கா வீட்டுக்குக் கொண்டுபோய், விறகடுப்புக்கு மேலே இருக்கும் தட்டில் இரண்டு நாள் வைத்தேன். மழைக்காலத்தில் தீப்பெட்டி, விறகு, என் சான்றிதழ்கள் எல்லாம் காய்ந்த இடம் அது. அதைவிட உலர்ந்த இடம் எனக்குத் தெரியாது. உப்பு பொடியாகக் காய்ந்தது. வெறும் உப்பை முதலில் ஒருமுறை இயந்திரத்தில் ஓட்டிப் பதிவெடுக்க வேண்டும் என்பது முதல் பாடம். சனிக்கிழமை இயந்திரம் அரை மணி நேரம்தான் கிடைத்தது. உப்புத்தான் காய்ந்திருக்கிறதே என்று விட்டுவிட்டேன். தடை செய்த மருந்தின் பள்ளங்கள் எல்லாம் அந்தந்த இடத்தில் விழுந்தன. கடதாசியின் அளவுக்கோட்டில் ஆயிரத்து எழுநூறைத் தாண்டி, இருக்கக் கூடாத இடத்தில் ஒரு சின்னப் பள்ளமும் இருந்தது. அதைப் பார்த்தேன். பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

நிபுணர் தீப்பெட்டியைத் திறக்கவே இல்லை. கடதாசியை மட்டும் பார்த்தார். நல்ல மனிதர், குரலை உயர்த்தவில்லை. அந்தச் சின்னப் பள்ளத்தில் பென்சிலை வைத்து, இது காபனும் ஒட்சிசனும் இரட்டையாகப் பிணைந்த இடம், தடை செய்ததில் இது கிடையாது, அனுமதித்ததில் உண்டு என்று சிங்களத்தில் சொன்னார். பிறகு கேட்டார், வெறும் உப்பின் பதிவு எங்கே? இல்லை என்றேன். உப்பை எங்கே உலர்த்தினீர்கள்? பொய் சொல்லியிருக்கலாம். அடுப்புக்கு மேலே என்றேன். துரை கிளாக்கரைப் பார்த்தார். விறகுப் புகையில் இதே பிணைப்பு நிறைய உண்டு, உப்பு அதைப் பிடித்திருக்கலாம், பிடிக்காமலும் இருக்கலாம், இந்தக் கடதாசியை வைத்து எதுவும் சொல்ல முடியாது என்றார் நிபுணர். அவர் சொன்னது சரி. நானாக இருந்தாலும் அதைத்தான் சொல்லியிருப்பேன்.

வெளியே வந்து படி இறங்கும்போது அக்கா கேட்டாள். “நம்ம அடுப்புப் பொகையா தம்பி?”

“ஆமாக்கா.”

“நான் பச்ச வெறகுல்ல வச்சிருந்தேன் அன்னைக்கு” என்றாள்.

அடுத்த நாள் மீதி உப்பை மட்டும் வில்லையாக்கி ஓட்டினேன். அதே இடத்தில் அதே பள்ளம். அது புகைதான், மருந்து நான் சொன்னதேதான். கடிதத்தோடு அனுப்பினேன். விசாரணை முடிந்துவிட்டது, அந்தப் பதிவு மாதிரிக்கு முன்னால் எடுத்ததாக இருக்க வேண்டும் என்று பதில் வந்தது. அதுவும் சரிதான். சுரண்டப் போத்தலில் ஒன்றும் மிச்சமில்லை. ஸ்டோரிலிருந்த கேன்களை விசாரணைக்கு முன்னமே மாற்றிவிட்டிருந்தார்கள்.

அத்தானிடம் போய்ச் சொன்னேன். முழு வசனம் பேச அவருக்கு மூச்சு இல்லை. “ஆட்டம்... சரியாத்தான... இருந்துச்சு?” என்று கேட்டார். சரியாகத்தான் இருந்தது அத்தான் என்றேன். “அப்ப... சரி” என்றார். அந்த ‘சரி’யை எங்கே வைப்பது என்று இன்றுவரை எனக்குத் தெரியவில்லை. ஒன்பதாம் நாள் போய்விட்டார்.

இப்போதும் அதே ஆய்வுக்கூடத்தில்தான் இருக்கிறேன். புதிய உலர்த்தும் அடுப்பு வந்துவிட்டது. வெறும் உப்பை ஓட்டாமல் எதையும் ஓட்டுவதில்லை. யாருக்கும் அதனால் ஒன்றும் ஆகப்போவதில்லை. அக்கா அடுப்புத் தட்டைக் கழற்றி எரித்துவிட்டாள். காலைப் பெரட்டில் ஆள் கணக்கெடுத்து முடிந்து மருந்தடிக்கிறவர்கள் மலையேறுவது பஸ்ஸிலிருந்து தெரியும். இரண்டு பேர் புதியவர்கள். கேன்களில் இப்போதும் பேர் இல்லை.

போன வாரம் அந்தத் தீப்பெட்டியைத் திறந்தேன். வில்லை இல்லை. பனி அதைக் குடித்துவிட்டது. பஞ்சில் ஈரமாக ஒரு வட்டம் மட்டும் இருந்தது. துரையின் கந்தோர் மேசையில் அதைக் கொண்டுபோய் வைத்த நாளில், இந்தத் தோட்டத்துக்குப் பெரிய செலவு வைக்கப்போகிறேன் என்றுதான் நம்பினேன். கம்பனிக்கு ஆன செலவு, எல்லாச் சாவுக்கும் கொடுப்பதுபோல ஒரு பலகைப் பெட்டியும், சாவுச் செலவுக்கு இருபதாயிரம் ரூபாயும்.