சனிக்கிழமைக் கையெழுத்து

அருமனையிலிருந்து இரண்டு மைல் தள்ளி, ரப்பர் தோட்டத்தை ஒட்டி இருந்த ஒரு சர்க்கார் பெண்கள் பள்ளியில் நான் தற்காலிக டீச்சராகச் சேர்ந்தபோது எனக்கு இருபத்துமூன்று வயது. திருவிதாங்கூரும் கொச்சியும் ஒரே ராஜ்யமாகியிருந்த காலம். கொச்சிப் பக்கத்து ஆட்களை இங்கே மாற்றிப் போடுவார்கள், எங்களை அங்கே தூக்கிப் போடுவார்கள். அப்படி மாற்றலில் வந்தவள்தான் அவள். மலையாளப் பிரிவு டீச்சர், என்னைவிட எட்டு வயது மூத்தவள். தனியாக இருக்கும் பெண்ணுக்கு அப்போது யார் வீடு கொடுப்பார்கள்? இரண்டு பேருமாகச் சேர்ந்து ஒரு ஓட்டு வீடு எடுத்தோம். நான் அவளைச் சேச்சி என்று கூப்பிட்டேன். அவள் யூதப் பெண் என்பது குடியேறி ஒரு வாரம் கழித்துத்தான் எனக்குத் தெரிந்தது.

யூதர் என்றால் எனக்கு ஞாயிறு பள்ளிப் படங்களில் தாடியும் அங்கியுமாக நிற்கிறவர்கள். இவளோ தேங்காய் அரைத்து மீன்குழம்பு வைத்தால் நாலு வீட்டுக்கு மணக்கும். அவளுடைய அப்பா முட்டை வியாபாரி. பெரிய வெள்ளிக்கிழமைக்கு முந்தின நாள் பக்கத்து வீட்டுக்காரி வேலிக்கு அந்தப் பக்கம் நின்றுகொண்டு, "ஒங்க ஆளுவதானே டீச்சரே ஏசுவ சிலுவையில அடிச்சது?" என்று நேராகவே கேட்டுவிட்டாள்.

"நாங்க முட்ட விக்குந்ந ஆளுகளாணு அம்மா. ஆணி விக்கிறதில்ல" என்றாள் சேச்சி.

நான் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தேன். மறுநாள் எங்கள் வேதக்கோயிலில் ஒரு அம்மாள், "நீ ஆரு கூட தாமசிக்க?" என்று கேட்டபோது மட்டும், "கொச்சிக்காரி ஒரு டீச்சர்" என்று சொல்லி நிறுத்திக்கொண்டேன். இதை இப்போது எழுதும்போதுதான் எனக்கு உறைக்கிறது. அன்றைக்கே என் குணம் அதுதான்.

வெள்ளிக்கிழமை பொழுது சாயும்முன் அவள் எண்ணெய் விளக்கை ஏற்றி வைப்பாள். அதற்குப் பிறகு சனிக்கிழமை பொழுது சாயும்வரை தீ மூட்டமாட்டாள், பேனாவைத் தொடமாட்டாள். அது அவர்களுடைய ஓய்வுநாள், 'சாபத்' என்பாள். சனிக்கிழமை காலையில் அடுப்பைப் பற்றவைப்பது நான். அவள் கேட்டு அல்ல, நானாகத்தான். அதில் எனக்கு அப்படி ஒரு பெருமை. ஒரு யூதப் பெண்ணை வைத்துப் பாதுகாக்கிற மாதிரி நினைப்பு. ஒருநாள் வாயைவிட்டுச் சொல்லியும்விட்டேன்: "எங்க நாட்டுல ஒங்கள ஒருத்தரும் ஒரு தொந்தரவும் செஞ்சதில்லல்லா சேச்சி? பின்ன எதுக்கு அந்தத் தேசத்துக்குப் போகணும்?"

ஆமாம், அவர்கள் போவதாக இருந்தார்கள். ஊரோடு கிளம்புகிறார்கள் என்று சொல்லவேண்டும். யூதருக்கென்று அந்தத் தேசம் பிறந்து ஆறு வருஷம் ஆகியும் இவர்கள் முறை வரவில்லை. யூதர் எல்லாரும் வாருங்கள் என்று உலகத்துக்கே சொன்ன தேசம், கொச்சிக்காரர்களை மட்டும் காலைக் காட்டு என்றது. யானைக்கால் வியாதி வந்து ஒட்டிக்கொள்ளுமாம். சேச்சியின் அம்மாவுக்கு இடது கால் கொஞ்சம் வீங்கியிருக்கும். எங்கள் பக்கம் அந்தக் காலோடு எத்தனை பேர் சந்தைக்கும் கோயிலுக்கும் போய்வருகிறார்கள்! அந்தக் காலுக்காக ஒரு குடும்பத்தையே வருஷக்கணக்கில் காக்க வைத்தார்கள். கடைசியில் டாக்டர் பார்த்து, ரத்தம் பார்த்து, போகலாம் என்று சொல்லிவிட்டார்கள்.

"தொந்தரவு இல்ல மோளே" என்றாள் அவள். "ஆரும் அடிச்சில்ல, ஓட்டிச்சில்ல. ஆனா சனியாழ்ச்ச வேல வெச்சா ஆரோடெங்கிலும் அனுமதி கேக்கணும். அவிட சனியாழ்ச்ச ஆஜர் புத்தகமே தொறக்க மாட்டாங்களாம். அத ஒரு தடவ பாக்கணும்."

இதற்கா கப்பல் ஏறுவார்கள் என்று எனக்குச் சிரிப்பு வந்தது. எனக்கு ஞாயிற்றுக்கிழமை சும்மா கிடைத்தது. யாரிடமும் கேட்டு வாங்கவில்லை. பிறகு எனக்கு என்ன தெரியும்?

அந்த வருஷம்தான் தமிழ்ப் பகுதியைத் தமிழ்நாட்டோடு சேர்க்கவேண்டும் என்ற போராட்டம் முற்றியது. ஊர்வலம், கடையடைப்பு, துப்பாக்கிச் சூடு. பள்ளிக்கூடம் நாள்கணக்கில் பூட்டிக் கிடந்தது. திறந்தபோது உத்தரவு வந்தது: போன நாட்களுக்கு ஈடாக இனி சனிக்கிழமையும் பள்ளி உண்டு. நாங்கள் எல்லாரும் முணுமுணுத்தோம். சேச்சி முணுமுணுக்கவில்லை. நேரே ஹெட்மிஸ்ட்ரஸிடம் போய், "நான் வரும், பாடம் எடுக்கும். எழுதமாட்டேன். கையெழுத்த திங்களாழ்ச்ச போடும்" என்று சொல்லிவிட்டு வந்தாள். அந்த அம்மாளும் தலையாட்டினாள்.

முதல் சனிக்கிழமை அவள் வகுப்பில் சாக்பீஸ் இல்லை. பூமிசாஸ்திரம் முழுவதையும் வாயாலேயே சொன்னாள். நைல் நதியும் சஹாராவும் மலையாளத்தில் போய்க்கொண்டிருக்க, என் தமிழ் வகுப்புப் பிள்ளைகள் தட்டி மறைப்புக்கு இந்தப் பக்கம் காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். சாயங்காலம் ஹெட்மிஸ்ட்ரஸ் ஆஜர் புத்தகத்தை வைத்துக்கொண்டு கையைப் பிசைந்தாள்.

"கட்டம் வெறுமே கெடந்தா வரல்லேன்னுதான் அர்த்தம், மக்கா. சமயம் சரியில்ல. எவனாவது வந்து பாத்தா நான் என்ன சொல்லுவேன்?"

"இதுக்கா இந்தப் பாடு?" என்று நான் பேனாவை எடுத்தேன். சேச்சியின் கையெழுத்து எனக்குத் தெரியும், தினமும் அதற்குக் கீழேதான் என்னுடையது. மலையாளத்தில் அவள் பெயரை அப்படியே போட்டுவிட்டேன். போட்ட வேகத்தில் அடியில் ஒரு கோடும் இழுத்துவிட்டேன். அது என் வழக்கம், அவளுக்குக் கிடையாது. ஹெட்மிஸ்ட்ரஸ் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தாள்.

திங்கட்கிழமை சேச்சி அதைப் பார்த்தாள். வீட்டுக்கு வந்ததும் கேட்டாள்: "நீயா?"

"பின்ன? ஒரு கிறுக்கல்தானே சேச்சி."

"ஞான் சாபத் நாள்ல எழுதினதாயிட்டு அதுல இருக்கு. என் பேரு, என் கை. வேண்டா. இனி செய்யாதே."

எனக்கு மூக்கின் மேல் கோபம் வந்தது. உதவி செய்தால் இப்படியா? நன்றி என்று ஒரு வார்த்தை இல்லை. வீம்பு, வெறும் வீம்பு என்று நினைத்தேன். அடுத்த சனிக்கிழமையும் போட்டேன். அதற்கு அடுத்த சனிக்கிழமையும் போட்டேன். ஒவ்வொன்றிலும் அடியில் கோடு. பத்துக் கட்டளையையும் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் ஒப்பிப்பேன் நான். ஞாயிறு பள்ளியில் அதற்குப் பரிசு வாங்கியவள். ஓய்வுநாள் பற்றிய கட்டளையும் அதில்தான் இருக்கிறது.

நாலாவது சனிக்கிழமை சேச்சி ஆபீஸ் அறைக்கு முதல் ஆளாக வந்து ஆஜர் புத்தகத்தின் பக்கத்தில் நின்றுகொண்டாள். தன் வெற்றுக் கட்டத்துக்குக் காவல்! எல்லாரும் கையெழுத்துப் போட்டு, புத்தகம் அலமாரிக்குள் போய்ப் பூட்டு விழும்வரை நகரமாட்டாள். எனக்கு எரிச்சலாகவும் இருந்தது, பாவமாகவும் இருந்தது. அப்போதுதான் குடையை மடக்கிக்கொண்டு இன்ஸ்பெக்டர் உள்ளே வந்தார்.

அவர் பையில் ஒரு மொட்டைப் பெட்டிசன் இருந்தது. மலையாளத்து டீச்சர் சனிக்கிழமை வேலை பார்ப்பதில்லை, பொய்யாக ஆஜர் போடுகிறார்கள் என்று யாரோ எழுதியிருந்தார்கள். அதே பையில்தான் சேச்சியின் விண்ணப்பமும் இருந்தது. சர்க்கார் வேலையில் இருப்பவர் வெளிநாடு போவதற்கு இலாகா அனுமதி வேண்டும். அவர் சிபாரிசு எழுதினால்தான் அனுமதி, அனுமதி வந்தால்தான் பாஸ்போர்ட். மகள் வராமல் கப்பல் ஏறமாட்டேன் என்று அம்மா சொல்லியிருந்தாள். விசாரணை என்று வந்துவிட்டால் வருஷம் இரண்டு போகும். அதற்குள் அந்தக் கால் மறுபடி வீங்காது என்று யார் சொல்வது?

இன்ஸ்பெக்டர் புத்தகத்தைப் பிரித்து, வரிசையில் விரலை ஓட்டினார். மூன்று இடத்தில் விரல் நின்றது.

"டீச்சர், மத்த நாளு கையெழுத்துக்கு அடியில கோடு இல்ல. சனிக்கெழம மூணுக்கும் கோடு இருக்கு. இது ஒங்க கைதானா?"

ஹெட்மிஸ்ட்ரஸ் முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். சேச்சி என்னைத் திரும்பிப் பார்த்தாள். கோபமாகப் பார்க்கவில்லை. சொல்லேன் என்று கேட்கிற பார்வை. நான்தான் சார் போட்டேன், அவங்க வேண்டாமின்னுதான் சொன்னாங்க. இவ்வளவுதான் சொல்லவேண்டியது. சொன்னால் அவள் தப்புவாள். நான் அன்றைக்கே பெட்டியைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்குப் போகவேண்டியதுதான். கள்ளக் கையெழுத்துப் போட்டவளை யார் நிரந்தரம் ஆக்குவார்கள்? நான் சுவரில் தொங்கிய டைம்டேபிளைப் பார்த்தேன். திங்கள் முதல் பீரியட் கணக்கு, இரண்டாவது தமிழ். அதை வாசித்துக்கொண்டே நின்றேன். சீ!

"இன்னிக்கிக் கட்டம் காலியாத்தானே கெடக்கு?" என்று இன்ஸ்பெக்டர் தன் பேனாவைத் திறந்து நீட்டினார். "இப்ப போடுங்க. பாப்போம்."

அவளும் ஒரே வார்த்தையில் என்னைக் காட்டிக்கொடுத்திருக்கலாம். அது உண்மைதானே? யாரும் அவளைக் குற்றம் சொல்லியிருக்க மாட்டார்கள். அவள் பேனாவை வாங்கினாள். மூன்று சனிக்கிழமைகளையும் ஒரு தடவை பார்த்துக்கொண்டாள். குனிந்து தன் பெயரை எழுதினாள். எழுதிவிட்டு அடியில் ஒரு கோடு இழுத்தாள், நான் இழுக்கிற மாதிரியே, வலது பக்கம் கொஞ்சம் மேலே ஏற்றி.

"சனியாழ்ச்ச என் கை இங்ஙனெத்தான் வரும் சார்" என்றாள்.

அவர் நாலு கையெழுத்தையும் ஒப்பிட்டுப் பார்த்தார். "ம்" என்று புத்தகத்தை மூடினார். பெட்டிசனில் ஏதோ எழுதி மடித்து வைத்தார். காப்பி குடித்துவிட்டு, சேச்சியின் விண்ணப்பத்தில் சிபாரிசும் எழுதிக் கொடுத்துவிட்டுப் போனார். சனிக்கிழமை யாரும் எழுதாத தேசத்துக்குப் போவதற்கு அவள் கொடுத்த விலை அந்த ஒரு கையெழுத்து. என் வேலைக்கும் அதுவேதான் விலை. இரண்டையும் அவளே கொடுத்தாள்.

சனிக்கிழமை பொழுது சாய்ந்ததும் ஓய்வுநாளை வழியனுப்ப விளக்கேற்றி, கிராம்பை முகர்ந்து, எனக்கும் முகரக் கொடுப்பது அவள் வழக்கம். அன்று கிராம்பு டப்பா திறக்கவில்லை. கிணற்றடியில் நின்று விரலில் ஒட்டிய மையைத் தேய்த்துத் தேய்த்துக் கழுவிக்கொண்டிருந்தாள். நான் பக்கத்தில் போய் நின்றேன்.

"நீ ஒரு வாக்கு சொன்னா போதுமாயிருந்து" என்றாள். அவ்வளவுதான்.

அதற்குப் பிறகு இரண்டு மாதம் ஒரே வீட்டில் இருந்தோம். பள்ளி விஷயம், தண்ணீர் விஷயம், எல்லாம் பேசினாள். சனிக்கிழமை அடுப்பை மட்டும் என்னைப் பற்றவைக்க விடவில்லை. முந்தின நாள் ஆக்கிய சோற்றை ஆறிப்போனபடியே சாப்பிட்டாள். சனிக்கிழமைகளில் லீவு எழுதிக் கொடுத்துவிட்டு வீட்டிலேயே இருந்தாள். அனுமதி வந்தது. அவள் டிரங்குப் பெட்டியை நான்தான் ஒரு பக்கம் பிடித்துப் பஸ்வரைக்கும் கொண்டுபோனேன். "வரட்டே" என்று சொல்லிவிட்டு ஏறினாள். அடுத்த வருஷம் எனக்கு நிரந்தர உத்தரவு வந்தது. என் அம்மா பாயசம் வைத்தாள்.

ஐம்பத்தாறில் எங்கள் தாலுகாக்களைத் தமிழ்நாட்டோடு சேர்த்தார்கள். பட்டாசு வெடித்தது, பள்ளியில் மிட்டாய் கொடுத்தோம். அந்தச் சமயத்தில்தான் ஒரு கார்டு வந்தது. இல்லாமல் போய்விட்ட திருவிதாங்கூர்-கொச்சி ராஜ்யத்தின் பெயர்தான் அட்ரஸில் இருந்தது, இருந்தும் எப்படியோ வந்து சேர்ந்தது. மலையாளத்தில் ஆறு வரி. அம்மாவுக்குச் சுகம். கோழி வளர்க்கிறார்கள். மண் கல்லும் முள்ளும். வெள்ளைக்காரர் மாதிரி இருக்கும் யூதர்கள் இவர்களைப் பார்த்து, நீங்களும் யூதர்தானா என்று கேட்கிறார்களாம். சனிக்கிழமை ஊரே அடைத்துக் கிடக்கிறது, யாரிடமும் எதுவும் கேட்கவேண்டாம்.

என்னைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி நாலு கேள்வி கேட்டிருந்தால்கூடத் தேவலை என்று இருந்தது. கார்டைக் கீழே வைக்கப் போனபோதுதான் கையெழுத்தைப் பார்த்தேன். அவள் பெயருக்கு அடியில் ஒரு கோடு இருந்தது, வலது பக்கம் கொஞ்சம் மேலே ஏற்றி.