கெஸ்ட்டுக்குச் சொல்லாமல் வைத்தது

வில்லியனூர் பக்கத்தில் ஒரு ரத்தப் பரிசோதனை லேபுக்கு நான்தான் கம்ப்யூட்டர் ஆள். பாகூரிலிருந்து பைக்கில் போய் வருகிறேன். ஐம்பதை நெருங்கும் வயதில் எனக்கு இரண்டு திறமைகள் மிச்சம்: நாலு பேர் இருந்தால் சிரிக்க வைப்பேன், தனியாக இருந்தால் நடுங்குவேன்.

லேபின் பின்னறையில் ஒரே ஒரு சர்வர். அதற்குள் மூன்று விர்ச்சுவல் மெஷின்கள், ஒரே வீட்டில் மூன்று குடித்தனம் மாதிரி. ஒன்று டோக்கன் எண்ணைக் காட்டும், ஒன்று எக்ஸ்ரே படங்களை வைத்திருக்கும், இன்னொன்று ரத்த ரிசல்ட்டுகளை வைத்திருக்கும். குடியிருக்கும் மெஷினை எங்கள் தொழிலில் கெஸ்ட் என்போம். கெஸ்ட்டுக்குத் தான் குடியிருப்பது யார் வீடு என்றே தெரியாது. தரையில் விரிசல் விட்டால் வீட்டுக்காரர்தான் கதவைத் தட்டிச் சொல்ல வேண்டும். ரேமில், அதாவது சர்வரின் நினைவகத்தில், ஒரு மூலை கெட்டுப்போனால் சர்வர் அந்தச் செய்தியைக் கெஸ்ட்டுக்கு அனுப்பும். கெஸ்ட் அந்த மூலையைத் தொடாமல் ஒதுங்கும். முடியாவிட்டால் அப்படியே நின்றுவிடும்.

இரண்டு வருடத்துக்கு முன் ஒரு காலை அப்படித்தான் நின்றது. வெறும் வயிற்றோடு சர்க்கரை டெஸ்ட்டுக்கு வந்து உட்கார்ந்திருந்த முப்பது பேர் என் குலத்தையே விசாரித்தார்கள். சுத்துக்கேணியிலிருந்து முதல் பஸ்ஸில் வந்த ஒரு பெரியவர், "ஏம்பா, உன் மிஷினுக்குப் பசிக்காது, எனக்குப் பசிக்குது" என்றார். அன்று அந்த ரேமை மாற்றினேன். மாற்றிய கையோடு இன்னொரு வேலையும் செய்தேன். பழைய சர்வர் அது. அதில் ஒரு அமைப்பு உண்டு. பிழை வந்தால் குறிப்பேட்டில் எழுதி வை, யாரிடமும் சொல்லாதே, யாரையும் நிறுத்தாதே என்று சர்வரிடம் சொல்லிவிடலாம். சோதனைக்கு மட்டும் என்று பக்கத்திலேயே எழுதியிருந்தது. நான் ஒரு வாரத்துக்கு மட்டும் என்று போட்டேன்.

இதில் எனக்குக் குற்றவுணர்வு எதுவும் இல்லை. எங்கள் பக்கத்தில் ஒரு சாவு விழுந்தால், சென்னையில் இருக்கும் பிள்ளைக்குப் போன் போட்டு, "ஒன்னும் இல்லபா, ஒடம்பு கொஞ்சம் முடியல, கெளம்பி வா" என்றுதான் சொல்வோம். பஸ்ஸில் தனியாக வருகிறவன் மனசு உடையக் கூடாது என்று. அதே இரக்கத்தைத்தான் கெஸ்ட்டிடமும் காட்டினேன். அப்புறம் மறந்துவிட்டேன்.

போன மழைக்காலத்தில் என் மனைவிக்குக் கர்ப்பப்பைக் கட்டிக்கு ஆபரேஷன் என்று முடிவானது. வெள்ளிக்கிழமைக்கு நாள் குறித்தார்கள். அதற்கான டெஸ்ட்டுகளை எங்கள் லேபிலேயே எடுத்தோம். வெறும் வயிற்றில் சர்க்கரை நூறு. டாக்டர் தாளைப் பார்த்துத் தலையாட்டினார்.

புதன்கிழமை பதினொரு மணி. வேறு எதையோ தேடி சர்வரின் குறிப்பேட்டைத் திறந்தேன். சரிசெய்ய முடியாத மெமரி பிழை என்று ஒரு வரி. கீழே இறக்கினேன். மறுபடி அதே வரி. மூன்று வாரமாக, எனக்காகவே எழுதி வைத்த மாதிரி, வரிசையாக. அந்த ரேமில் குடியிருந்தது எந்தக் கெஸ்ட் என்று பார்த்தேன். ரிசல்ட் வைத்திருந்த கெஸ்ட்.

முதலில் பாத்ரூமுக்குப் போனேன். முடித்துவிட்டு வந்து, மறுபடி போனேன். வெளியே வந்தவன் முதலில் தெரிந்த நாற்காலியில் உட்கார்ந்தேன். அது ரத்தம் எடுக்கும் நாற்காலி. டெக்னீஷியன் அக்கா பழக்கதோஷத்தில் ரப்பர் பட்டையோடு வந்து என் கையைப் பிடித்தார்.

"நான்தாங்க்கா."

"நீயா. மூஞ்சி இன்னாபா இப்பிடி வெளுத்துக் கெடக்கு, ரத்தம் ஏற்கெனவே யாரோ எடுத்துட்ட மாரி."

சின்ன அப்டேட் வேலை என்று ஆரம்பித்தேன். பொய் அதற்கு மேல் ஓடவில்லை. மூன்று வாரமாக ரிசல்ட்டில் எது சரி, எது தப்பு என்று எனக்குத் தெரியாது என்று சொல்லிவிட்டேன். அக்கா பட்டையை மடித்துப் பையில் வைத்தார்.

"வூட்டுக்காரம்மா டெஸ்ட்டும் அதுலதான?"

"அதுலதான்."

சர்வரை அணைத்து, அந்த ரேமைக் கழற்றிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன். காத்திருந்தவர்கள் திட்டினார்கள். அன்றைக்கு அது எனக்கு ஆறுதலாக இருந்தது.

அக்காவிடம் ஒரு நீள நோட்டு உண்டு. பரிசோதனை மெஷின் ஒவ்வொரு ரத்தத்துக்கும் துண்டுச் சீட்டு ஒன்று துப்பும். அதைக் கோந்து தடவி நோட்டில் ஒட்டி வைப்பார். வருடக்கணக்காக நான் கிண்டல் செய்த நோட்டு. கம்ப்யூட்டர் யுகத்தில் கோந்து டப்பாவா என்பேன். ஞாயிற்றுக்கிழமை மாதா கோவில் பூசைக்குப் போகும் பொறுமையோடு அவர் ஒட்டிக்கொண்டே இருப்பார்.

சர்வர் மீண்டும் எழுந்ததும் உட்கார்ந்தோம். அக்கா சீட்டைப் படிக்க, நான் திரையைப் பார்த்துச் சரி என்றேன். சரி, சரி, சரி. ஒரு ஹீமோகுளோபினில் பத்து பதினொன்றாகியிருந்தது. அக்கா அதைச் சிவப்பில் வட்டமிட்டார். மறுபடி சரி, சரி, நடுவில் இன்னும் இரண்டு வட்டம். மனைவியின் பக்கம் வந்தபோது நான் கண்ணை மூடிக்கொண்டேன். திரையைப் பார்க்க வேண்டிய ஆளே நான்தான் என்பது அப்புறம்தான் உறைத்தது.

"சக்கரை நூத்தி எண்பது" என்றார் அக்கா.

திரையில் நூறு இருந்தது. கெட்ட மூலையில் ஒரே ஒரு புள்ளி புரண்டால் எட்டு சைபராகிவிடும். அது எனக்குப் படிப்பில் தெரியும். அன்றைக்குத்தான் கண்ணால் பார்த்தேன். இன்னும் இரண்டு நாளில் அந்த நூறை நம்பி அவள் வயிற்றைக் கிழிக்கப் போகிறார்கள்.

வட்டமிட்ட மற்றவர்களுக்கு அக்கா போன் போட, நான் வாசலில் நின்று மனைவிக்குப் போட்டேன்.

"ஒன்னும் இல்ல, சும்மாதான்" என்றேன். "சாப்ட்டியா?"

அந்தப் பக்கம் ஓடிக்கொண்டிருந்த மிக்ஸி நின்றது.

"யார் செத்தாங்க?"

"யாரும் இல்ல."

"அப்ப இன்னாத்துக்கு இந்தக் கொரலு? நேரா சொல்லுங்க."

நேராகச் சொன்னேன். சர்க்கரை நூறு இல்லை என்பதை, தப்பு யாருடையது என்பதை, இரண்டு வருடமாக அது அப்படியே கிடந்ததை. பயப்பட வேண்டிய ஆள் அவள், அழுதது நான்.

"அழுவாதீங்க" என்றாள். "நாளைக்கு வெறும் வயித்தோட வரேன். அந்தக்காவ நோட்டுல ஒட்டச் சொல்லுங்க. தாளு எனக்கு வேணாம்."

வியாழக்கிழமை சீட்டில் நூற்று எழுபத்தாறு. டாக்டர் ஆபரேஷனைத் தள்ளிவைத்தார். ஒன்றரை மாதம் மாத்திரை, கேழ்வரகுக் கூழ், சாயங்கால நடை. நடைக்குத் துணை நான். அதற்கப்புறம் கட்டியை எடுத்தார்கள். கதவுக்கு வெளியே நான் நின்ற நிலையைப் பார்த்து, ஒரு நர்ஸ் என்னைத்தான் பேஷண்ட் என்று நினைத்துப் படுக்கச் சொன்னார்.

சர்வரில் அந்த அமைப்பை அந்தப் புதன்கிழமையே எடுத்துவிட்டேன். இப்போது பிழை வந்தால் கெஸ்ட்டுக்கும் போகும், என் போனுக்கும் வரும். போன் மணி அடித்தால் இன்னும் கையிலிருப்பதைப் போட்டுவிட்டு ஓடுகிறேன். பெரும்பாலும் பேங்க் விளம்பரம்தான். ஆனால் மனைவி விடுவதில்லை. "இன்னாவாம்?" என்பாள், கறிகாய் நறுக்கியபடியே. நான் முதலில் பார்த்துவிட்டுச் சொல்கிறேன் என்றால் ஒப்ப மாட்டாள். பார்க்கும்போதே படிக்க வேண்டும், சத்தமாக, என்ன வந்திருக்கிறது என்று எனக்கே தெரிவதற்கு முன்னால்.