ரெஜினாவுக்குக் கொடுத்த விதை

ரெஜினாவுக்கு நான் முளைக்காத விதையைக் கொடுத்தேன். தெரிந்தே கொடுத்தேன்!

நீங்கள் மன்னிப்பீர்கள் என்று இதை எழுதவில்லை. மன்னிக்க வேண்டியவள் அவள். அவளிடம் சொல்லத்தான் இன்றுவரை வாய் வரவில்லை...

எழுபதுகளின் கடைசி. தலைநகரில், கிட்வாய் நகர் அரசுக் குடியிருப்பில் எங்கள் குவார்ட்டர்ஸும் அவளுடையதும் ஒட்டியிருந்தன. பின்புறத் தோட்டங்களுக்கு நடுவே ஒரு மூங்கில் தட்டி. ரெஜினா தூத்துக்குடிப் பக்கத்துப் பெண், மருத்துவமனையில் நர்ஸ். எங்கள் வரிசையில் யாருக்கு ஊசி போட வேண்டுமானாலும் அவளைத்தான் கூப்பிடுவார்கள். அவள் கை பட்டால் வலியே தெரியாதாம். என் கணவர்கூடச் சொல்வார்!

மழை ஓய்ந்து அக்டோபர் பிறந்ததும் இருவரும் விதை வாங்கப் போனோம். முள்ளங்கி, பாலக், பட்டாணி, கேரட் எல்லாம் ஆளுக்கொரு பொட்டலம் கிடைத்தது. காலிபிளவர் மட்டும் ஒன்றே ஒன்று. "ஆக்ரி பாக்கெட், பெஹன்ஜி!" என்று கடைக்காரர் கையை விரித்தார். அதுதான் கடைசிப் பொட்டலமாம்.

"பாதி பாதி எடுத்துக்கிடலாம்க்கா. நீங்களே பிரிச்சு வைங்க, டூட்டி முடிஞ்சு வந்து வாங்கிக்கிடுதேன்" என்றாள் ரெஜினா.

வீட்டில் பொட்டலத்தைப் பிரித்தேன். கடுகு போலப் பொடியான விதைகள்... பாதியாக்கினால் ஒரு பாத்திக்கும் போதாதென்று தோன்றியது. அலமாரியில், முந்தின வருடம் மிஞ்சிய காலிபிளவர் விதை ஒரு புட்டியில் இருந்தது. மழையில் ஈரமேறியது. முந்தின வாரம்தான் ஒரு சிட்டிகையை மண்ணில் தூவிப் பார்த்திருந்தேன், ஒன்றுகூட எழவில்லை.

அதைத்தான் காகிதத்தில் மடித்து அவளிடம் நீட்டினேன்.

ஏன் செய்தேன்? பேராசையா? அது மட்டுமா? எல்லாரும் அவள் கையையே புகழ்ந்தார்களே... எனக்கும் ஒன்றில் பெயர் கிடைக்கட்டும் என்று மனத்துக்குள் இருந்ததா? ஆம், இருந்தது.

என் நாற்றுகள் எழுந்தன. அவளோ காலையும் மாலையும் நீர் தெளித்து, குனிந்து குனிந்து மண்ணைப் பார்த்தாள்.

"ஒண்ணுகூட மொளைக்கலியேக்கா! ஒரே பாக்கெட்டுதான... ஆஸ்பத்திரியில என் கை ராசின்னு சொல்லுதாங்க. மண்ணுக்குத்தான் என் கையைப் பிடிக்கல போலிருக்கு."

அப்போதே சொல்லியிருக்கலாம். என் நாற்றில் பாதியையாவது பிடுங்கிக் கொடுத்திருக்கலாம்! நானோ, "சில கை அப்படித்தான்" என்றேன். எத்தனை எளிதாகச் சொன்னேன்!

மற்றப் பொட்டலங்களை அவள் பிரிக்கவே இல்லை. "இதையும் நான் வீணாக்க வேண்டாம். என் பக்கமும் நீங்களே போடுங்கக்கா" என்று கொண்டுவந்து கொடுத்தாள். அடுத்த ஞாயிற்றுக்கிழமை மூங்கில் தட்டியையும் எடுத்துவிட்டோம்.

இதையும் மறைக்கக் கூடாது: அதன் பின் வந்த குளிர்காலங்கள் ஆனந்தமானவை. நடுப்பகல் வெயிலில் கயிற்றுக் கட்டிலில் அமர்ந்து இருவரும் பட்டாணி உரிப்போம். பாதி வாய்க்குள் போகும். அவள் வைத்த முள்ளங்கிக் குழம்பைச் சட்டியோடு வழித்துத் தின்றிருக்கிறேன். சொந்தத் தங்கையிடமும் நான் அப்படிச் சிரித்ததில்லை. அந்த மகிழ்ச்சி பொய்யில்லை... அதுதான் எனக்கு உறுத்துகிறது!

சில வருடங்களில் அவள் ஜனக்புரியில் சொந்த வீட்டுக்குப் போனாள். முதல் அக்டோபரிலேயே ஆளனுப்பினாள். போனேன். வாசலில் பாத்தி கட்டி, விதைகளைத் தட்டில் வைத்திருந்தாள்.

"உன் வீடு, உன் மண்ணு. நீ போடு, ரெஜினா."

"அய்யோ, நான் தொடமாட்டேன்! நீங்க போட்டாத்தான்க்கா வெளையும்." கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு தள்ளி நின்றாள்.

"ரெஜினா, அன்னிக்கு அந்த காலிபிளவர்..."

"அதை இன்னுமா நெனைச்சிட்டிருக்கீங்க? விடுங்கக்கா!" என்று என்னைத் தேற்றினாள். ஆம், அவள் என்னைத் தேற்றினாள்!

விதைத் தட்டை எடுத்தேன். குனிந்து விதைத்தேன்.

அத்தனையும் முளைத்தன. ஒவ்வோர் அக்டோபரிலும் என்னைக் கூப்பிடுகிறாள். போகிறேன்... விதைத்துவிட்டு, அவள் கையால் காபி குடித்துவிட்டு வருகிறேன்.