மகளுக்கு வைத்த காவல்

றோஸ்மேரி யாரையும் லேசில் நம்புகிறவள் அல்ல. அதற்காகக் கெட்ட மனுஷி என்று நினைத்துவிடக் கூடாது. மொன்றியல் நகரத்து வில்லரேயில் அவள் குடியிருக்கிற கட்டடத்தில் யாருக்காவது காய்ச்சல் என்றால் கஞ்சியோடு முதலில் கதவைத் தட்டுவது அவள்தான். கஞ்சியைக் கொடுத்துவிட்டுப் படியிறங்கும்போது, இது உண்மையான காய்ச்சலா, வேலைக்குக் கள்ளம் போடுகிற காய்ச்சலா என்று யோசிப்பதும் அவள்தான்.

யாழ்ப்பாணத்துப் பாசையூரில் இருந்த காலத்தில் இப்படி இருக்கவில்லை. புருஷன் செத்த பிறகு, பிள்ளைகள் இருவரையும் தங்கச்சி வீட்டில் விட்டுவிட்டுத் தனியாக மொன்றியலுக்கு வந்து அகதி அந்தஸ்து கேட்டாள். பெரிய மேசைக்கு எதிரே உட்காரவைத்து, அவளுடைய வாழ்க்கையை அவளிடமே திருப்பித் திருப்பிக் கேட்டார்கள். அன்றைக்கு மழை என்றாயே, இப்போது ஏன் வெயில் என்கிறாய்? முதலில் வந்தவன் உயரம் என்றாயே, இப்போது ஏன் உயரத்தைச் சொல்லவில்லை? கடைசியில் ஏற்றுக்கொண்டார்கள்தான். ஆனால் ஒரு மனிதரை எப்படிச் சந்தேகப்படுவது என்கிற வித்தையை அந்த அறையிலே கரைத்துக் குடித்துவிட்டுத்தான் அவள் வெளியே வந்தாள்.

பிறகு நிரந்தர வதிவிடத்துக்கு விண்ணப்பித்தாள். பிள்ளைகள் இரண்டு பேரையும் அதில் சேர்த்தாள். அப்போது மகள் ஜொய்சிக்கு இருபது வயது, மகன் டனிஸ்ரனுக்குப் பதினெட்டு. பிள்ளைகள் வளர்ந்துவிட்டார்களே, விடுவார்களா என்று அவள் பயந்தபோது, அவளுடைய வழக்கைப் பார்த்த லோயர் ஒபிசில் வேலை செய்கிற ஆர்த்திகா என்ற பெட்டைதான் விளக்கம் சொன்னாள். மொன்றியலிலேயே பிறந்து வளர்ந்து, தமிழைக்கூடப் பிரெஞ்சு மாதிரி இழுத்துக் கதைக்கிற பிள்ளை.

"வயசு பிரச்சினை இல்லை அன்ரி. நீங்கள் அகதி கேட்ட அண்டைக்கு இருபத்திரண்டுக்குக் கீழை இருந்திருந்தால் சரி. அந்த வயசையே பிடிச்சு வைச்சிருப்பினம். ஆனா கல்யாணம் கட்டக் கூடாது. ஒராளோடை ஒரு வீட்டிலை சேர்ந்து இருக்கவும் கூடாது. விசா வந்து இஞ்சை இறங்குமட்டும் அப்பிடியே இருக்க வேணும்."

அரசாங்கம் வயதைப் பிடித்து வைத்தது. பிள்ளைகளை யார் பிடித்து வைப்பது? நாலு வருடமாக அந்த வேலையை றோஸ்மேரி செய்தாள், அதுவும் கண்ணில் எண்ணெய் விட்டுக்கொண்டு. கோட்-டெ-நெய்ஜில் ஆஸ்பத்திரித் துப்புரவு வேலைக்குப் புறப்படுமுன், இங்கே விடியும்போது அங்கே பின்னேரம், தினமும் ஜொய்சிக்கு வீடியோவில் அழைப்பாள். ஜொய்சி சின்னப் பிள்ளைகளின் பள்ளியில் படிப்பிக்கிறவள். களைத்துப்போய் உட்கார்ந்திருப்பாள்.

"போனை ஒருக்காச் சுத்திக் காட்டு பிள்ளை. வீட்டைப் பாக்க ஆசையாக் கிடக்கு."

வீட்டின் மேல் என்ன ஆசை! கதவுக்குப் பக்கத்தில் தெரியாத செருப்பு கிடக்கிறதா, மேசையில் இரண்டாவது தேத்தண்ணிக் கோப்பை இருக்கிறதா என்று பார்க்கத்தான். மோட்டார் சைக்கிள் சத்தம் கேட்டால், "அது ஆர்?" என்பாள். "ரோட்டிலை போற ஆரோ அம்மா," என்பாள் ஜொய்சி. புதுச் சட்டை போட்டிருந்தால் யார் வாங்கித் தந்தது என்று கேட்பாள். பழைய சட்டை போட்டிருந்தால், ஏன் முகம் வாடிக் கிடக்கிறது, யாரோடு சண்டை என்று கேட்பாள். பெட்டைக்கு எதைச் செய்தாலும் தப்பு.

டனிஸ்ரனுக்கு யாழ்ப்பாண ரவுணில் போன் கடையில் வேலை. அவனை அழைத்தால், "சாப்பிட்டியோ அப்பன்?" என்று கேட்பாள். "ஓம் அம்மா," என்பான். அத்தோடு சரி.

இந்த நேரத்தில்தான் பத்திநாதர் என்கிற மனிதர் அவளைச் சுற்றத் தொடங்கினார். லொங்குய்யில் இருக்கிற ஓய்வுபெற்ற பஸ் சாரதி. ஞாயிறு தோறும் மனைவி அக்னெஸோடு ஆற்றைக் கடந்து கத்தோலிக்கக் கோயிலின் தமிழ்ப் பூசைக்கு வருகிறவர். பத்து வருடமாக "தோத்திரம்" சொன்னதற்கு மேல் அவளோடு பேச்சு வைத்துக்கொள்ளாதவர், திடீரென்று அவளுக்குக் கதிரை இழுத்துப் போட்டார். பனி நாளில் வீடு வரைக்கும் காரில் கொண்டுவந்து விட்டார். இறங்கும்போது ஒரே கேள்வி: "பேப்பர் அலுவல் எப்பிடிப் போகுது பிள்ளை?"

றோஸ்மேரிக்கு மூக்கில் வியர்த்தது. இவருக்கு ஏன் என்னுடைய பேப்பர்? விசா வருகிற நேரம் பார்த்து இமிகிரேஷனுக்கு மொட்டைக் கடிதம் போடுகிறவர்கள் எங்கள் சனத்துக்குள் இருக்கிறார்கள் என்று அவள் நிறையக் கேள்விப்பட்டிருக்கிறாள். அந்த வேலைக்கு முதலில் விஷயம் சேர்க்க வேண்டும். இவர் சேர்க்கிறார்.

"ஒண்டும் வரேல்லை அண்ணை," என்று பச்சைப் பொய் சொன்னாள்.

அடுத்த ஞாயிறு, கோயில் நிலவறையில் தேத்தண்ணி குடிக்கும்போது அவர் பக்கத்தில் வந்து குரலைத் தாழ்த்தினார். "பிள்ளையளுக்கு மெடிக்கல் முடிஞ்சுதாமே. இனி என்ன, வந்த மாதிரித்தான்."

றோஸ்மேரி கோப்பையை மேசையில் வைத்தாள். பிள்ளைகள் கொழும்புக்குப் போய் விசாவுக்கான மெடிக்கல் சோதனை செய்தது அந்தக் கிழமைதான். அவளுக்கும் பிள்ளைகளுக்கும் தவிர ஒரு குஞ்சுக்கும் தெரியாது. அவள் யாருக்கும் சொல்லவில்லை. அப்படியானால் ஜொய்சி யாருக்கோ சொல்லியிருக்கிறாள், அவன் இவருக்குச் சொல்லியிருக்கிறான். அவன்! றோஸ்மேரியின் மனதில் அந்த 'அவன்' மீசையோடும் மோட்டார் சைக்கிளோடும் முழுசாக வந்து நின்றுவிட்டான். மகனும்தான் மெடிக்கலுக்குப் போனான் என்பது அவளுக்குத் தோன்றவே இல்லை.

மறுநாள் விடிய விடியாததுமாக அழைத்தாள்.

"பத்திநாதருக்கு ஆர் சொன்னது?"

"அது ஆர் அம்மா?"

"நடிக்காதை. நீ ஆரோடை கதைக்கிறாய்? ஆரெண்டு சொல்லு. ஒரு பொடியன் இருக்கிறான் எண்டு எனக்குத் தெரியும்."

ஜொய்சி கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தாள். "எனக்கு ஒருத்தரும் இல்லை அம்மா," என்றாள். அந்தக் கொஞ்ச நேரத்தைத்தான் றோஸ்மேரி பிடித்துக்கொண்டாள். உண்மை சொல்கிறவள் ஏன் யோசிக்க வேண்டும்? வாயில் வந்ததெல்லாம் சொல்லித் தீர்த்தாள். நாலு வருடம் நான் ஆஸ்பத்திரிக் கழிவறை கழுவினது நீ கூத்தடிக்கவோ என்றுகூடக் கேட்டாள். மகள் அழவில்லை, எதிர்த்துப் பேசவும் இல்லை. "வேலை இருக்கு, வைக்கிறன்," என்று மட்டும் சொன்னாள்.

சனிக்கிழமை கதவு தட்டுப்பட்டது. ஓட்டை வழியாகப் பார்த்தால் பத்திநாதரும் அக்னெஸும். பத்திநாதர் கோட்டும் சூட்டுமாக, அக்னெஸ் கையில் கேக் பெட்டியோடு. றோஸ்மேரி மூச்சுக் காட்டாமல் நின்றாள். போய்விடுவார்கள் என்று பார்த்தாள். போகிற ஆட்களாகத் தெரியவில்லை. வேறு வழியில்லாமல் திறந்தாள்.

"இனியும் ஒளிச்சு வைக்கிறது சரியில்லை எண்டு வந்தனாங்கள்," என்றார் பத்திநாதர் உட்கார்ந்ததும். முகமெல்லாம் சிரிப்பு. "நாங்கள் இனிச் சம்பந்திமார் எல்லோ."

றோஸ்மேரி எழும்பி நின்றாள். "ஜொய்சியோ? நான் நினைச்சனான். ஆர் பொடியன்?"

"ஜொய்சியோ? சீ, அந்தப் பிள்ளை தன்ரை பாட்டிலை இருக்குது. உங்கடை டனிஸ்ரன். என்ரை தங்கச்சியின்ரை மகள் மெலனி. ரெண்டு பேரும் விருப்பம். பொடியன் கனடா போய் மறந்துபோனால் எங்கடை பெட்டையின்ரை கதி என்ன எண்டு தங்கச்சிக்குப் பயம். அதாலை போன ஆவணியிலை எழுத்தை மட்டும் முடிச்சு வைச்சிட்டம்."

எழுத்து என்றால் கல்யாணப் பதிவு. மாப்பிள்ளை வெளிநாடு போகிறான் என்றால், பதிவுகாரரிடம் கூட்டிப்போய் முதலில் கையெழுத்து வாங்கி வைத்துவிடுவது எங்கள் பக்கத்து வழக்கம். அவன் கை நழுவிப் போகாமல் இருக்கப் போடுகிற கட்டு அது. அதற்குப் பிறகும் பெட்டை பெட்டையின் வீட்டில், பொடியன் பொடியனின் வீட்டில். கோயிலில் சுவாமியார் முன்னால் தாலி கட்டுகிற நாள்தான் கல்யாண நாள். அதுவரைக்கும் யாரும் அவர்களைப் புருஷன் பெண்சாதி என்று சொல்வதில்லை.

அக்னெஸ் கேக்கை வெட்டக் கத்தி கேட்டாள். றோஸ்மேரி எடுத்துக் கொடுத்தாள். ஒரு துண்டைத் தின்றும் விட்டாள், ருசி தெரியவில்லை.

மகனை அழைத்தபோது அவன் சிரித்தான். "அம்மா, எழுத்து மட்டும்தானே. நீங்கள் கல்யாணம் கட்டாதை எண்டுதானே சொன்னனீங்கள். நான் எங்கை கட்டினனான்? உங்களை விட்டிட்டுத் தாலி கட்டுவனோ?"

அவன் பொய் சொல்லவில்லை. மனதார அப்படித்தான் நம்பியிருந்தான். பத்திநாதரும் நம்பியிருந்தார். ஏன், ஆர்த்திகாவின் முன்னால் போய் உட்காரும் வரைக்கும் றோஸ்மேரியின் மனதிலும் ஒரு மூலையில் அந்த நம்பிக்கை இருந்தது.

"பதிஞ்சால் கல்யாணம்தான் அன்ரி," என்றாள் ஆர்த்திகா.

"தாலி கட்டேல்லையே பிள்ளை. ஒரு நாள்கூட ஒண்டா இருக்கேல்லை."

"தாலியை இமிகிரேஷன்காரர் கேக்க மாட்டினம். நீங்கள் அறிவிக்க வேணும். அறிவிச்சால் டனிஸ்ரனை விண்ணப்பத்திலையிருந்து எடுத்துப்போடுவினம், அவர் இதிலை வர ஏலாது. ஜொய்சியின்ரை அலுவல் நடக்கும். மறைச்சுப் பேந்து பிடிபட்டால் மூண்டு பேருக்கும் பிரச்சினை."

அன்று பின்னேரமே பத்திநாதர் அழைத்தார். விஷயம் காதுக்குப் போய்விட்டது. இந்த முறை குரலில் சிரிப்பு இல்லை. "ஆருக்குத் தெரியப் போகுது பிள்ளை? எழுத்து அங்கை, இமிகிரேஷன்காரர் இஞ்சை. எங்கடை வாயாலை ஒரு சொல் வராது. பொடியனும் வரட்டும், பேந்து அவனே மெலனியைக் கூப்பிடட்டும். அவசரப்பட்டு ரெண்டு பேரின்ரை வாழ்க்கையையும் கெடுத்துப் போடாதேங்கோ."

றோஸ்மேரிக்கு அது பிடித்திருந்தது. ஒளிப்பானேன், நன்றாகவே பிடித்திருந்தது. மகன் விமானத்தால் இறங்கி வருகிறதை நாலு வருடமாக மனதில் பார்த்துப் பார்த்து வைத்திருக்கிறாள். ஆனால் அவர் வாயை நம்பலாமா? இன்றைக்குச் சம்பந்தி. நாளைக்குச் சீதனத்திலோ சாப்பாட்டிலோ ஒரு மனத்தாங்கல் வந்தால்? அக்னெஸ் தனக்குத் தெரிந்த நாலு பேருக்குச் சொன்னால்? வேலைக்குப் போகிற மெத்ரோ ரயிலில் எதிரே இருந்த அறியாத முகங்களைக்கூட, இவர்களுக்குத் தெரிந்திருக்குமோ என்று பார்த்தாள்.

கடைசியில் ஜொய்சியை அழைத்தாள். அன்றைக்குத் திட்டின பிறகு அழைக்கிறது அதுதான் முதல் தரம்.

"தம்பி எல்லாம் சொன்னவன்," என்றாள் ஜொய்சி.

"என்ன செய்யிறது பிள்ளை? சொன்னால் அவன் வர ஏலாது."

"சொல்லுங்கோ அம்மா."

உடனே வந்த அந்தப் பதில் றோஸ்மேரியைச் சுட்டது. "உனக்கு லேசு. தம்பி வராட்டில் உனக்குப் பரவாயில்லையோ?"

ஜொய்சி பள்ளிப் பிள்ளைகளுக்குக் கதை சொல்கிற மாதிரி நிதானமாகச் சொன்னாள்.

"என்னோடை படிப்பிச்சவர் ஒருத்தர், ஜெராட் எண்டு. ரெண்டு வருசத்துக்கு முந்தி என்னைக் கேட்டவர். எனக்கும் விருப்பம்தான். எழுத்தை மட்டும் எழுதி வைப்பம், மிச்சத்தை நீ கனடா போனாப் பிறகு பாப்பம் எண்டவர். நான்தான் ஏலாது எண்டனான். எழுத்தெண்டாலும் கல்யாணம்தான், அம்மாவின்ரை அலுவல் பிழைச்சுப் போம் எண்டு சொன்னனான். பொறுக்கச் சொல்லிக் கேட்டன். அவரின்ரை வீட்டுக்காரர் பொறுக்கேல்லை. போன தையிலை அவருக்குக் கல்யாணம் முடிஞ்சுது. பாடகர் குழுவிலை நிண்டு நானும் பாடினனான்."

றோஸ்மேரி கட்டிலில் உட்கார்ந்தாள்.

"ஏன் எனக்குச் சொல்லேல்லை?"

"சொல்லியிருந்தால், ஒண்டும் நடக்கேல்லை எண்டு நம்பியிருப்பியளோ?"

நம்பியிருக்க மாட்டாள். அது இரண்டு பேருக்கும் தெரியும். நாலு வருடமாகக் கதவையும் செருப்பையும் கோப்பையையும் எண்ணிப் பார்த்தவளுக்கு, அந்தப் பிள்ளை தனக்காகத் தன் வாழ்க்கையைத் தானே கதவுக்கு வெளியே நிறுத்திவைத்தது மட்டும் தெரியவில்லை. வெட்கம் அவளைப் பிடுங்கித் தின்றது. மகன் மேல் வந்த கோபத்தைவிட அது பெரிதாக இருந்தது.

மறுநாள் வேலைக்கு லீவு சொல்லிவிட்டு ஆர்த்திகாவிடம் போய் எல்லாவற்றையும் அறிவிக்கச் சொன்னாள். டனிஸ்ரன் ஒரு மாதம் அவளுடைய அழைப்பை எடுக்கவில்லை. எடுத்தபோதும் "ஓம்", "இல்லை" இரண்டும்தான். பத்திநாதரும் அக்னெஸும் கோயிலில் முன் வரிசைக்குப் போய்விட்டார்கள். றோஸ்மேரி பின்னால் இருந்து அவர்களுடைய முதுகைப் பார்த்துக்கொண்டு பூசை கண்டாள். மகனை நினைத்து அழாத பூசை இல்லை.

கோடை முடிகிற நேரம் ஜொய்சிக்கு விசா வந்தது. றோஸ்மேரி சந்தோஷத்தில் கத்திவிட்டாள். மகள் கத்தவில்லை.

"அம்மா, ஒரு விசயம். நான் வந்தாப் பிறகு எங்கை போறாய், ஆரோடை கதைக்கிறாய் எண்டு ஒண்டும் கேக்கக் கூடாது. கேட்டியளெண்டால் நான் வேறை வீடு பாத்துக்கொண்டு போயிடுவன்."

"கேக்க மாட்டன் பிள்ளை. இனி ஒரு நாளும் கேக்க மாட்டன்."

"ம்," என்றாள் ஜொய்சி.

மகள் தன்னை நம்பவில்லை என்பது றோஸ்மேரிக்கு அந்த நொடியே விளங்கிவிட்டது. அந்த விஷயத்தில் அவளை யாரும் ஏமாற்ற முடியாது.

"மெய்யாத்தான் பிள்ளை," என்றாள். குரல் அவளுக்கே கெஞ்சுகிற மாதிரிக் கேட்டது.

ஜொய்சி, அங்கே புரட்டாதியில் குளிர் தொடங்கிவிடுமா, என்ன உடுப்புக் கொண்டுவர வேண்டும் என்று கேட்டாள்.